நிறுத்துவதற்கு நாலு கட்டளை

ஒரு மெஷினை ஓடவிட ஒரே ஒரு கட்டளை போதும். 'ரன்' என்று சொன்னால் புரோகிராமின் முதல் வரியில் ஆரம்பித்து அது பாட்டுக்கு ஓடும். நிறுத்துவதற்குத்தான் நாலு கட்டளை. 'பாஸ்' என்றால் கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டுக் காத்திருக்கும், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும். 'ஸ்டாப்' என்றால் புரோகிராம் நிற்கும், ஆனால் ஏற்கெனவே கிளம்பிவிட்ட மோட்டார் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்த்தான் நிற்கும். 'ஹால்ட்' என்றால் மோட்டார் நிற்கும், ஆனால் புரோகிராம் அடுத்த வரிக்குப் போய் அதை மறுபடி கிளப்பிவிடும். 'அபார்ட்' என்றால் எல்லாம் நின்றது நின்றபடி நிற்கும், மறுபடி முதல் வரியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். இதைப் பதினாறு வருஷமாக ஃபேக்டரி ஃபேக்டரியாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்டவர்கள் எல்லாரும் நன்றாகத் தலையாட்டினார்கள். ஒருவர் காதிலும் ஏறியதாகத் தெரியவில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலையில் எங்கள் கம்பெனி முதலாளி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, உட்காரக்கூடச் சொல்லாமல் ஒரு தாளை நீட்டினார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் செய்து கொடுத்த ஒரு மெஷினைப் பற்றிய புகார் அது. அலுவலகங்களில் காகிதம் கோத்து வைக்கிற ஃபைல் இருக்கிறதல்லவா, அதன் கெட்டி அட்டைக்கு மேலே துணி ஒட்டுகிற மெஷின். இரும்பையும் மோட்டாரையும் பூட்டியது வேறு ஆட்கள். அவற்றை ஆட்டிவைக்கிற கன்ட்ரோலர் பெட்டிக்குள் இருக்கிற ஒவ்வொரு வரியும் நான் எழுதியது. அந்த மெஷின் ஒரு நாளைக்கு நூற்றுநாற்பது தடவை கோளாறு என்று சொல்லிக்கொண்டு நிற்கிறதாம். வெள்ளிக்கிழமைக்குள் அதைப் பத்துக்குக் கீழே கொண்டுவராவிட்டால் மெஷினைத் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். திரும்பி வந்தால் அதை வைக்க இடம் வேண்டும், அதற்கு என் நாற்காலியைத்தான் எடுக்க வேண்டியிருக்கும் என்று முதலாளி சொன்னார். இப்படி நாசூக்காகப் பேசுவதில் அவருக்கு ஒரு பெருமை.

எனக்கு ஆத்திரம் வந்ததற்குக் காரணம் இரண்டு. என் புரோகிராமைக் குறை சொன்னால் என் வளர்ப்பைக் குறை சொன்ன மாதிரி எனக்குச் சுருக்கென்று இருக்கும், அது ஒன்று. இன்னொன்று, அந்த மெஷினில் பகல் ஷிப்டில் நிற்பது என் அண்ணி. மெஷினை நிறுவப் போயிருந்தபோது அங்கே ஆள் தேடினார்கள், நான்தான் அண்ணியைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டேன். அண்ணன், அண்ணி, நான் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே மேஜையில் சாப்பிடுகிறோம். நூற்றுநாற்பது தடவை நிற்கிற மெஷினைப் பற்றி இரண்டு வருஷமாக அண்ணி ஒரு வார்த்தை மூச்சுவிடவில்லை.

மெஷின் செய்வது சின்ன வேலைதான். ஒரு புரோகிராம் அட்டையை உள்ளே தள்ளி, பசை தடவி, துணியை விரிக்கும். இன்னொரு புரோகிராம் மேலே நிற்கிற கனமான இரும்புத் தட்டை இறக்கி அழுத்தும். நடுவில் பசை ஊறுவதற்காகத் தட்டு மேலேயே நாலு விநாடி காத்திருக்கும். ஐம்பது அட்டைக்கு ஒன்று கோணலாக உள்ளே போகும். அது அட்டையின் குணம், அதற்கு நான் பொறுப்பில்லை. கோணலானால் மஞ்சள் பொத்தானை அழுத்த வேண்டும். அதுதான் 'பாஸ்'. தட்டு மேலே போய் நின்றுகொள்ளும். கண்ணாடிக் கதவைத் திறந்து, அட்டையை நேராக்கி, கதவை மூடி, பச்சைப் பொத்தானை அழுத்தினால் வேலை தொடரும். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்தால்தான் வம்பு. கன்ட்ரோலர் பயந்துபோய் எல்லாவற்றையும் 'அபார்ட்' செய்து, கோளாறு என்று எழுதிவைத்துவிடும். உள்ளே இருக்கிற அட்டை குப்பைக்குப் போகும், முதல் வரியிலிருந்து ஆரம்பிக்க அரை நிமிஷம் பிடிக்கும். இவ்வளவையும் அந்த ஃபேக்டரியில் எல்லாரையும் நிற்கவைத்துச் சொல்லிக்கொடுத்தவள் நான். தட்டு மேலே நாலு விநாடி நிற்கும், ஒரு இம்மி கூடவும் செய்யாது குறையவும் செய்யாது என்று ஜம்பமாக வேறு சொல்லியிருந்தேன்.

திங்கட்கிழமை முழுக்க மெஷினுக்குப் பக்கத்திலேயே நின்றேன். ஒயர்களைப் பிரித்துப் பார்த்தேன், கதவு ஸ்விட்சை இருபது தடவை தட்டிப் பார்த்தேன், பெட்டிக்குள் சூடு இருக்கிறதா என்று கையை வைத்துப் பார்த்தேன். நான் பார்க்கும்போது கோணிய அட்டைக்கெல்லாம் மஞ்சளைத்தான் அழுத்தினார்கள், கோளாறு ஒன்றுகூட வரவில்லை. தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் மூன்று. வந்து நின்றதும் மறுபடி ஒன்றுமில்லை. கை கழுவிவிட்டு வருவதற்குள் ஒன்று. என் முகத்தைக் கண்டு அடங்கி நடக்கிற மெஷினை நான் எங்கேயும் பார்த்ததில்லை. பக்கத்திலேயே நின்ற அண்ணியிடம் என்ன நடந்தது என்று கேட்டால், தெரியவில்லை மேடம் என்றாள். வீட்டில் என்னை இன்ஜினியரம்மா என்று கேலி செய்கிறவள், ஃபேக்டரியில் மேடம். அந்த மேடத்திலேயே ஏதோ இருக்கிறது என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை சாப்பாட்டு மேஜையில் ஒரு பாட்டம் கொட்டித் தீர்த்தேன். யாரோ ஒரு அறிவுகெட்ட ஜென்மம் ஓடுகிற மெஷினின் கதவைத் திறந்து திறந்து என் பிழைப்பில் மண்ணைப் போடுகிறது என்றேன். மஞ்சள் பொத்தானை அழுத்துவதற்கு இவர்களுக்கு என்ன கை சுளுக்கா என்றேன். அண்ணன் ஊர் முழுக்கப் பார்சல் வண்டி ஓட்டிவிட்டு வந்த களைப்பில் எல்லாவற்றுக்கும் 'ம்' போட்டார். அண்ணி என் தட்டில் கேட்காமலேயே இன்னும் இரண்டு கரண்டி வைத்தாள். அதைக் கரிசனம் என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை, ஊருக்குள் ஒரு பாகம் வாங்கிவர வேண்டும் என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு வெளியே போய், பின்வாசல் வழியாக வந்து, மாடிப்படித் திருப்பத்தில் துணிச் சுருள்களுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். பதினாறு வருஷ அனுபவமுள்ள ஒருத்தி திருடனைப் பிடிக்கிற மாதிரி துணிக்குப் பின்னால் ஒளிந்திருக்க வேண்டிய நிலைமை. கீழே அட்டைகள் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன. ஏழு நிமிஷம் ஆனதும் ஒரு அட்டை கோணியது. என் அண்ணி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்காமல், முழங்கையால் கதவை ஒரு இடி இடித்தாள். மெஷின் செத்த மாதிரி நின்றது. அட்டையை உருவிக் குப்பைத் தொட்டியில் போட்டாள், பச்சைப் பொத்தானைத் தட்டினாள், கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். யோசிக்கவே இல்லை. ஆயிரம் தடவை செய்து பழகிய கை அது.

நான் மூன்று மூன்று படியாக இறங்கி ஓடினேன். அண்ணி என்னைப் பார்த்துக் கொஞ்சமும் அதிரவில்லை.

"பாத்துட்டியா? சரி, விடு," என்றாள்.

"நேத்து ராத்திரி பூரா நான் திட்டினது உங்களைத்தானா அண்ணி?"

"என்னை மட்டும் இல்ல. மூணு ஷிப்டும் இப்படித்தான்."

காரணத்தை அவள் சாவகாசமாகச் சொன்னாள். மஞ்சள் பொத்தானை அழுத்தினால் கன்ட்ரோலர் அதை ஆப்பரேட்டரின் எண்ணோடு எழுதிவைக்கும். அண்ணியின் எண் ஏழு. ஷிப்ட் முடிகிற நேரத்தில் சூப்பர்வைசர் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு வருவார். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஏன் நின்றது, யார் தவறு, இனி நிற்காமல் இருக்க என்ன செய்வாய் என்று அவருடைய நோட்டில் மூன்று வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த மனிதருக்கு அங்கே பட்டப்பெயரே 'ஏன் நின்னுச்சு'. அட்டை கோணலாப் போச்சு என்று எழுதினால் ஏன் கோணலாகப் போனது என்பார். நாற்பது தடவை நிறுத்தினால் நூற்றிருபது வரி. வீட்டுக்குப் போகிற பஸ் போய்விடும். கதவைத் திறந்தாலோ அது மெஷின் கோளாறு. கோளாறுக்கு மெஷினிடம் யாரும் விளக்கம் கேட்பதில்லை.

நிறுத்தத்தை எண்ணோடு எழுதிவைக்கிற அந்த வரியை எழுதியதும் நான்தான். ஃபேக்டரி மேனேஜர் கேட்டார், அரை மணி நேரத்தில் எழுதிக் கொடுத்தேன். அப்போது அது ஒரு சின்ன வேலையாகத் தெரிந்தது.

நேரே மேனேஜர் அறைக்குப் போனேன். விளக்கம் கேட்பதை நிறுத்துங்கள், கோளாறு தானாகக் குறைந்துவிடும் என்று தன்மையாகத்தான் ஆரம்பித்தேன். அவர் சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். சூப்பர்வைசர் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, ஏன் நின்றது என்று தெரியாவிட்டால் நிற்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்டார். நிற்கத்தானே அந்தப் பொத்தானே இருக்கிறது என்றேன். அப்படியானால் நிற்பது நல்லது என்கிறீர்களா என்றார். சில நேரம் நல்லதுதான் என்றேன். அவர் மேனேஜரைப் பார்த்தார், மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார். நோட்டு அவர்கள் விஷயம், கோளாறு என் விஷயம், வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சுவரில் போய் முட்டிக்கொண்டிருந்தாலும் இவ்வளவு மண்டை வலித்திருக்காது.

அந்தக் கோபத்தோடுதான் புதன்கிழமை அந்த வரியை எழுதினேன். ஓடும்போது கதவு திறந்தால் இனிமேல் கோளாறு என்று எழுதாதே, ஆப்பரேட்டரின் எண்ணோடு நிறுத்தம் என்று எழுது. அவ்வளவுதான். கதவைத் திறந்தாலும் மூன்று வரி, பொத்தானை அழுத்தினாலும் மூன்று வரி என்றால் மனிதர்கள் பொத்தானையே அழுத்துவார்கள் என்று கணக்குப் போட்டேன். வீம்புதான், இல்லை என்று சொல்லமாட்டேன். அண்ணியிடமும் மற்ற ஷிப்டுக்காரர்களிடமும் நானே போய்ச் சொன்னேன். இனி கதவு உங்கள் பெயரில் ஏறும், ஒழுங்காக மஞ்சளை அழுத்துங்கள் என்றேன். அண்ணி கையிலிருந்த அட்டையை அடுக்கில் வைத்தாள். "சரிங்க மேடம்," என்றாள். அன்று மாலை என் தட்டில் யாரும் எதுவும் கேட்காமல் வைக்கவில்லை.

வியாழக்கிழமை கோளாறு ஒன்றுகூட இல்லை. நிறுத்தமும் இல்லை. பகல் முழுக்க மெஷின் நிற்காமல் ஓடியது, குப்பைத் தொட்டியின் அடி தெரிந்தது, ஒட்டிய அட்டைகள் கதவு வரை அடுக்கிக் கிடந்தன. மேனேஜர் எனக்குத் தன் அறையிலேயே காபி வரவழைத்தார். சூப்பர்வைசர் எழுத ஒன்றும் இல்லாமல் நோட்டைத் திறந்து திறந்து மூடினார். எங்கள் முதலாளி போன் செய்து, நாற்காலி இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று சொல்லி அவரே சிரித்துக்கொண்டார். ஐம்பதுக்கு ஒன்று கோணுகிற அட்டை ஒரே இரவில் திருந்திவிடாது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஒரு தடவைகூட நிற்காத மெஷினைப் பார்த்ததும் கீழே ஓடியிருக்க வேண்டும். எனக்குக் காபி இனித்துக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கிளம்புவதற்காக லேப்டாப்பை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது மேனேஜர் மெல்ல ஆரம்பித்தார். மெஷின்தான் இவ்வளவு சமர்த்தாக ஓடுகிறதே, பசை ஊறுவதற்கு நாலு விநாடி எதற்கு, புதுப் பசை மூன்று விநாடியில் ஊறிவிடும் என்று விற்றவன் சொல்கிறான், ஒரு விநாடி குறைத்தால் ஒரு நாளைக்கு எவ்வளவு கூடும் பாருங்கள் என்றார். அது பெரிய வேலையே இல்லை. புரோகிராமை நிறுத்தக்கூட வேண்டியதில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே இருக்கிற ஒரு எண்ணை மட்டும் மாற்றுகிற வசதியை நான் வைத்திருந்தேன். கேபிளை மறுபடி செருகி, நாலு இருந்த இடத்தில் மூன்று என்று அடித்து, என்டரைத் தட்டினேன். மேனேஜர் கையைக் குலுக்கினார். லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு, அண்ணியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்று கீழே இறங்கினேன்.

மெஷினுக்கு இருபது அடி தூரத்தில் இருக்கும்போது ஒரு அட்டை கோணியதைப் பார்த்தேன். இப்போது மஞ்சளை அழுத்தப்போகிறாள் என்று எனக்கு ஒரு சந்தோஷம். அண்ணி அழுத்தவில்லை. கதவையும் தொடவில்லை. அட்டை உள்ளே போகிற வாயில், கதவுக்குக் கீழே, ஒரு இடைவெளி உண்டு. பெரிய ஆள் கை நுழையாது. அண்ணியின் கை மெலிந்த கை. குனிந்து, தோளைச் சாய்த்து, முழங்கைக்கு மேலே வரை கையை உள்ளே விட்டு, தட்டுக்கு நேர் கீழே கிடந்த அட்டையை விரல் நுனியால் தள்ளிக்கொண்டிருந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. ஒண்ணு. ரெண்டு.

எண்ணிக்கொண்டிருந்தாள். நாலு வரை இருக்கிறது என்று நினைத்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

நான் கத்தினேனா என்று தெரியவில்லை. கத்தியிருந்தாலும் அந்தச் சத்தத்தில் கேட்டிருக்காது. மஞ்சள் பொத்தான் மெஷினின் அந்தப் பக்கம். எனக்குப் பக்கத்தில் இருந்தது கதவுதான். ஓடிப்போய் இரண்டு கையாலும் அதைப் பிடித்து இழுத்தேன். தட்டு ஏற்கெனவே இறங்க ஆரம்பித்திருந்தது. நின்றபோது அதற்கும் அண்ணியின் புறங்கைக்கும் நடுவில் ஒரு தீப்பெட்டியை நிறுத்தி வைக்கலாம், அவ்வளவுதான் இடம்.

அண்ணி கையை வெளியே எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நாலுன்னுதானே சொன்னே?"

"மூணாக்கிட்டேன் அண்ணி. இப்பதான், மேலே இருந்து."

"எனக்கு யாரு சொல்றது?"

நேற்று முழுக்கவா என்று கேட்டேன். நேற்று முழுக்கத்தான், மூன்று ஷிப்டும்தான் என்றாள். பெரிய கைக்காரர்கள் ஒரு மரச்சட்டத்தை விட்டு நெம்புகிறார்களாம், அவளுக்குக் கையே போதுமாம். மூன்று எண்ணி வெளியே எடுத்துவிட்டால் ஒரு விநாடி மிச்சம். எழுதவும் வேண்டாம், பஸ்ஸும் போகாது. என் அண்ணி ஒன்றும் அறிவில்லாதவள் இல்லை. நான் ஒரு எண்ணைச் சொன்னேன், அவள் அதை நம்பினாள்.

அதற்குள் சூப்பர்வைசர் வந்துவிட்டார். இரண்டு நாளாக வேலையில்லாமல் இருந்த நோட்டுக்கு உயிர் வந்திருந்தது. மெஷினின் திரையில், நான் எழுதிய வரி நான் எழுதியபடியே வேலை செய்து, ஏழாம் எண் நிறுத்தம் என்று காட்டிக்கொண்டிருந்தது. ஏன் நின்னுச்சு என்று அண்ணியைக் கேட்டார். அண்ணி அதே கையை நீட்டிப் பேனாவை வாங்கினாள். அதைப் பார்த்ததும் எனக்குள்ளே ஏதோ அறுந்துபோனது. ஐந்து நாளாக இவர்கள் எல்லார் மேலும் வந்த கோபம் மொத்தமாகத் திரும்பி என் மேலேயே விழுந்தது. பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன். கதவைத் திறந்தது நான், காரணமும் நான், வேண்டுமென்றால் நோட்டோடு மேலே வாருங்கள் என்று அவரிடம் சொன்னேன்.

மேனேஜர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கை போகவில்லையே என்றார். நாலு விநாடியைத் திருப்பி வைத்துவிடுங்கள், அந்த இடைவெளிக்கு ஒரு தகடு அடித்துவிடலாம், ஆனால் பட்டியல் அப்படியே இருக்கட்டும், நேற்றைய நாள் எவ்வளவு நன்றாக இருந்தது என்றார். தகடு அடித்தால் வேறு ஒரு இடுக்கைக் கண்டுபிடிப்பார்கள் என்றேன். நிறுத்துவதற்குத் தண்டனை இருக்கிற வரைக்கும் அவர்கள் நிறுத்தமாட்டார்கள், நிறுத்தாமல் இருக்க வழி தேடிக்கொண்டே இருப்பார்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன், குரல் உயர்ந்ததும் எனக்கே தெரிந்தது. அவர் மறுபடியும் ஜன்னலைப் பார்த்தார்.

நான் லேப்டாப்பைத் திறந்தேன். மூன்றை நாலாக்கினேன். எல்லாவற்றையும் நிறுத்தி, புதன்கிழமை எழுதிய வரியை அழித்தேன். அதற்குப் பிறகு இரண்டு வருஷத்துக்கு முன்னால் அரை மணி நேரத்தில் எழுதிக் கொடுத்த வரியையும் அழித்தேன். இனி மஞ்சள் பொத்தானை யார் எத்தனை தடவை அழுத்தினாலும் மெஷின் நிற்கும், எங்கேயும் எழுதாது. புரோகிராமை மறுபடி ஏற்றினேன். யாரைக் கேட்டுச் செய்கிறீர்கள் என்று மேனேஜர் எழுந்து நின்றார், உடனே எங்கள் முதலாளிக்குப் போன் போட்டு என்னிடம் நீட்டினார். அழித்ததை வைத்துவிட்டு வா, இல்லாவிட்டால் திங்கட்கிழமை வரவேண்டாம் என்று முதலாளி சொன்னார். இந்தத் தடவை நாசூக்கு எதுவும் இல்லை.

"வைக்கமாட்டேன் சார்," என்றேன். போனை மேனேஜரின் மேஜைமேல் வைத்துவிட்டு, என் கேபிளைச் சுருட்டிக்கொண்டு வந்தேன்.

கீழே அண்ணி மெஷினுக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். மற்றவர்கள் தண்ணீர் கொடுத்திருந்தார்கள். வீட்டுக்குப் போகலாம் வாங்க என்று கூப்பிட்டேன், ஷிப்ட் முடியவில்லை என்றாள். நான் மெஷினை முதல் வரியிலிருந்து ஓடவிட்டேன். நாலு விநாடி மறுபடி நாலு விநாடியாக இருக்கிறது என்று சொன்னேன். மஞ்சளை அழுத்தினால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், கேட்பதற்கு அங்கே ஒன்றும் இருக்காது என்று சொன்னேன். வேலை போனதைச் சொல்லவில்லை. அண்ணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். தலையாட்டவில்லை.

முப்பது அட்டை நேராகப் போயிற்று. அடுத்தது கோணியது. அண்ணி ஒரு அடி தள்ளி வந்து மஞ்சள் பொத்தானை அழுத்தினாள். தட்டு மேலே போய் நின்றது. நான் சொல்லிக்கொடுத்தபடி கதவைத் திறந்தாள். மெஷின் சத்தமில்லாமல் நின்றிருந்தது. உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அட்டை ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. அண்ணி கையை உள்ளே விடவில்லை. இடுப்பில் வைத்துக்கொண்டு தட்டையே பார்த்தாள்.

"நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு அண்ணி. இனிமே நீங்க பச்சையை அழுத்தினாத்தான் கிளம்பும்."

"அப்ப நீ விடு கையை."

கேலியாகச் சொல்லவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. நான் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு குனிந்தேன். 'பாஸ்' என்றால் என்ன என்று அந்தக் கட்டடத்திலேயே என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. இரண்டு புரோகிராமும் நிற்கின்றன, கதவு திறந்திருக்கிறது, எந்த மோட்டாரும் நகர வழியே இல்லை. பதினாறு வருஷத்தில் நான் புரோகிராம் எழுதிய எந்தத் தட்டுக்குக் கீழேயும் என் கை போனதில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. கையை விட்டேன். உள்ளே பசை வாசனையும் இரும்பின் சூடும் இருந்தன. விரல் அட்டையின் ஓரத்தைத் தொட்டது. என் உதடு தானாக அசைய ஆரம்பித்தது. ஒண்ணு. ரெண்டு. மூணு வருவதற்குள் கையை வெளியே இழுத்துக்கொண்டேன். அட்டை இன்னும் கோணலாகத்தான் கிடந்தது.